வராந்தாவில் படம் வாசித்தவள்

எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்டு, சி.டி., எம்.ஆர்.ஐ. இந்த நான்கும் எதெதற்கு என்று பொதுமக்களுக்குப் புரிகிற மாதிரி நாலு பக்கம் எழுதித் தரச்சொல்லிப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் என்றால் என்னோடு கடைசி வருஷங்களில் வேலை பார்த்த டெக்னீஷியன்கள். ஒரு மலர் போடுகிறார்களாம். முன்னட்டையில் எம்.ஆர்.ஐ. மெஷின், பின்னட்டையில் ஜவுளிக்கடை விளம்பரம், நடுவில் நான்.

பொதுமக்களுக்குப் புரியவேண்டும் என்கிறார்களே, அதுதான் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. அவர்களுக்கு எல்லாம் ஏற்கெனவே புரிந்துவிட்டது. சின்ன மெஷினில் சின்ன வியாதி தெரியும், பெரிய மெஷினில் பெரிய வியாதி தெரியும், குகை மாதிரி இருப்பதில் எல்லாமே தெரிந்துவிடும். எக்ஸ்ரே காசில்லாதவர்களுக்கு, சி.டி. இருப்பவர்களுக்கு, எம்.ஆர்.ஐ. ஊரில் நாலு பேர் கேட்டால் சொல்லிக்கொள்வதற்கு. இந்த அறிவை மாற்ற என் நாலு பக்கம் போதாது.

ஒருமுறை எங்கள் மதுரைப் பக்கம் விளாங்குடியில் இருந்து ஒருவர் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெரியவருக்கு மூன்று வாரமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல்.

"அந்தக் குகைக்குள்ள விட்டு எடுங்க சிஸ்டர். செலவப் பத்திக் கவலையில்ல."

நான் சிஸ்டர் இல்லை, படம் எடுக்கிற டெக்னீஷியன். இந்த ஊரில் வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் எல்லோரும் சிஸ்டர், வெள்ளைக் கோட்டு போட்ட ஆண்கள் எல்லோரும் டாக்டர். கேன்டீனில் டீ கொண்டுவருபவருக்கு ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்டுவிட்டால் அவரிடமும் நாக்கை நீட்டிக் காட்டுவார்கள்.

"இருமலுக்கு நெஞ்சு எக்ஸ்ரே போதும்ணே. நுரையீரல்ல சளி கட்டியிருந்தாலும் டி.பி. இருந்தாலும் அதுலயே தெரியும். எம்.ஆர்.ஐ.யில நுரையீரல் சரியாவே விழாது" என்றேன்.

"சாதா எக்ஸ்ரேயா? எங்கப்பாவுக்கா?"

கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்குத் தள்ளிவிட்டதுபோல அவர் முகம் போனது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வேறிடம் பார்க்கப் போய்விட்டார். அவரைக் குகைக்குள் விட எங்காவது ஒருவர் சம்மதித்திருப்பார். அதற்கும் இந்த ஊரில் ஆள் உண்டு.

சரி, கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே என்பது நிழல். எலும்பும் இரும்பும் வெள்ளையாக விழும், காற்று கறுப்பாக விழும். எலும்பு முறிந்ததா, நெஞ்சில் சளியா, குழந்தை விழுங்கிய காசு எங்கே நிற்கிறது என்று பார்க்க அதைவிட எளிதானது கிடையாது. அல்ட்ராசவுண்டு என்பது சத்தத்தை அனுப்பி எதிரொலியைக் கேட்பது. அதில் கதிர்வீச்சு இல்லை. பித்தப்பையில் கல், வயிற்றில் நீர், கருப்பையில் பிள்ளை, இவற்றுக்கு அது. சி.டி. என்பது எக்ஸ்ரேயையே சுற்றிச் சுற்றி எடுத்து உடம்பைக் குறுக்கே சீவிக் காட்டுவது. அடிபட்ட மண்டைக்குள் ரத்தம் கசிகிறதா என்று பத்து நிமிஷத்தில் சொல்லிவிடும். எம்.ஆர்.ஐ. காந்தம். நரம்பு, மூளை, முதுகுத்தண்டின் ஜவ்வு, மூட்டின் தசைநார் எல்லாம் அதில்தான் துல்லியமாகத் தெரியும். ஆனால் முக்கால் மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும், உடம்பில் இரும்பு இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒரு பக்கம்கூட ஆகவில்லை.

மிச்சப் பக்கங்களில் நான் எழுத நினைப்பது வேறு. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

நான் இரண்டு வருஷம் டிப்ளமோ படித்தேன். எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தேன், டெவலப்பர் கரைசல் பட்டு விரல் நகமெல்லாம் பழுப்பேறியது, பாஸானேன். படிப்பைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. வேலை கற்றுக்கொண்டது டாக்டர் தாமோதரனிடம். ஊருக்கு நடுவே அவர் வைத்திருந்த எக்ஸ்ரே, ஸ்கேன் நிலையத்தில் பதினோரு வருஷம் இருந்தேன். (பெயர்களை எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். யாரும் தேடிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.)

குள்ளமான மனிதர். வெற்றிலை, காபி, சிரிப்பு மூன்றும் கிடையாது. படத்தைக் கொண்டுபோய் விளக்குப் பெட்டியில் மாட்டினால் உடனே பார்க்க மாட்டார். முதுகைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டுவார். வெளி டாக்டர் எழுதி அனுப்பிய சீட்டை அந்தக் கையில் வைக்க வேண்டும்.

"கேள்வி என்ன?" என்பார்.

சீட்டில் 'வயிற்று வலி, ஸ்கேன்' என்று மட்டும் எழுதியிருந்தால் இரண்டு விரலால் நுனியைப் பிடித்து, செத்த எலியைத் தூக்குவதுபோல் தூக்கிக் காட்டுவார். "இது கேள்வி இல்லம்மா, பொலம்பல். எந்தப் பக்கம் வலி, எத்தனை நாளா, சாப்பிட்டா கூடுதா? கேட்டு எழுதிட்டு வா." கேள்வி கிடைத்த பிறகுதான் படத்தின் பக்கம் திரும்புவார். அப்போதும் ஓரத்தில் இருந்து தொடங்குவார். நான்கு மூலையையும் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் நடுவுக்கு வருவார். நடுவில் இருப்பதை எந்த முட்டாளும் பார்ப்பான் என்பது அவர் கட்சி.

ஒருமுறை பைக்கில் இருந்து விழுந்து மயங்கிய ஒருவரைத் தூக்கிக்கொண்டு கட்சிக்காரர் ஒருவர் வந்தார். பின்னால் நான்கு வேட்டிகள். "தலைவர் வீட்டுப் பையன். ஊர்லயே பெரிய ஸ்கேன் எதுவோ அதுக்கு எழுதிக் குடுங்க" என்று மேஜையைத் தட்டினார். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மண்டைக்குள்ள ரத்தமா, இல்லையா? அதான் கேள்வி. சி.டி. பத்து நிமிஷத்துல சொல்லும். பெரிய ஸ்கேன் முக்கால் மணி நேரம். முக்கால் மணி நேரம் உங்க பையன் காத்திருப்பானான்னு அவன்கிட்டயே கேட்டுட்டு வாங்க." சி.டி. எடுத்தோம், ரத்தம் இருந்தது, அன்றைக்கே ஆபரேஷன் ஆனது. பையன் பிழைத்தான். கட்சிக்காரர் மறுவாரம் மாலையோடு வந்தபோது டாக்டர் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டார்.

எங்களுக்கு அவர் வைத்த சட்டங்கள் மூன்று. பெண்களுக்கு வயிறு, இடுப்பு, முதுகு எதை எடுப்பதானாலும் முதலில் உடை மாற்றும் அறைக்குக் கூட்டிப்போய், திரையை இழுத்துவிட்டு, தனியாகக் கேட்க வேண்டும்: கடைசியாகத் தீட்டு வந்து குளித்து எத்தனை நாள், கர்ப்பமாக இருக்கலாமா, லூப் கீப் ஏதாவது வைத்திருக்கிறாயா. தாயோ மாமியாரோ புருஷனோ பக்கத்தில் நின்றால் கேட்டதாகவே கணக்கில்லை. அடுத்து, கேட்ட இடத்துக்கு மட்டும் ஒளியைத் திறக்க வேண்டும். முதுகு என்றால் முதுகு. "கதவைத் தேவைக்கு மேல திறந்து வைக்காத" என்பார். கடைசியாக ஒன்று: படம் எடுக்கிறவள் வாயைத் திறக்கக் கூடாது. என்ன தெரிகிறது என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான். டாக்டர் சொல்வார்.

இந்தக் கடைசிச் சட்டத்தின் மேல் எனக்கு இருந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. படத்தை எடுப்பது நான், கழுவுவது நான், முதலில் பார்ப்பதும் நான். பார்த்த மாத்திரத்தில் என்னவென்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல மட்டும் அவர் வரவேண்டுமா? தன் நாற்காலி பறிபோய்விடும் என்று பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைக்கிற அளவுக்கு எனக்கு மூளை இருந்தது.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. படம் கையில் கிடைத்ததும் உறையை அங்கேயே பிரித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிப்பார்கள். குடும்பம் மொத்தமும் சேர்ந்து பார்க்கும். பக்கத்தில் வேறு ஆளுக்காகக் காத்திருப்பவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். பாதி நேரம் படம் தலைகீழாக இருக்கும். "இந்தா, இதுதாம்ப்பா கட்டி" என்று இருதயத்தைக் காட்டி ஒருவர் அழ, மற்றவர் தேற்ற, வராந்தா திருவிழாவாகிவிடும். அந்த வராந்தாவில் நான் ரகசியமாக ஒரு டாக்டராகிக்கொண்டிருந்தேன். டாக்டர் அல்ட்ராசவுண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் போதும். படத்தை வாங்கி நேராக்கி, விரலை வைத்து வாசித்துக் காட்டுவேன். இது விலா எலும்பு, இங்கே கீறல் விட்டிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. உசிலம்பட்டியில் இருந்து வந்த ஒரு தாத்தா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு "டாக்டரம்மா" என்றார். நான் திருத்தவில்லை. மல்லிகைப்பூ வந்தது, கொய்யாப்பழம் வந்தது. நான் சொன்னது பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைத்தது. தப்பாக இருந்திருந்தால் சீக்கிரமே அடிபட்டுத் திருந்தியிருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை நேரம். முகூர்த்த நாள் முடிந்த மறுநாள், வராந்தாவில் நிற்க இடமில்லை. தனம் என்ற பெண்ணை அவள் மாமியார் கூட்டிக்கொண்டு வந்தாள். பழங்காநத்தத்தில் இரும்புக்கடை வைத்திருந்த வீடு. மாமியார் கழுத்தில் கனமான சங்கிலி, கையில் எவர்சில்வர் கூஜா. தனத்துக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சீட்டில் லேடி டாக்டர் ஒருவர் ஒழுங்காகவே எழுதியிருந்தார்: ஆறு மாதமாக முதுகு வலி, முதுகெலும்பில் கோளாறு உண்டா?

உள்ளே கூட்டிப்போய்க் கேட்டிருக்க வேண்டும். உடை மாற்றும் அறையில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். பின்னால் பதினைந்து பேர். வராந்தாவிலேயே கேட்டேன்.

"குளிச்சு எத்தன நாளாச்சு?"

தனம் வாயைத் திறப்பதற்குள் மாமியார் பதில் சொன்னாள். "அஞ்சு நாளாச்சுத்தா. மாசந்தவறாமக் குளிச்சுக்கிட்டுத்தான இருக்கா. மூத்தது பொட்டப்புள்ள, அதுக்கு நாலு வயசு முடிஞ்சிருச்சு. இன்னொன்னுக்கு நானும் போகாத கோயில் இல்ல. அம்புட்டும் வீண்."

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். தனம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கர்ப்பம் இல்லை என்று தெரிந்துவிட்டதே, எனக்கு அது போதுமாக இருந்தது. லூப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. பிள்ளைக்குக் கோயில் கோயிலாகப் போகிறவளிடம் அதை எதற்குக் கேட்பது என்று நினைத்தேன்.

அறை காலியானதும் அவளை உள்ளே அனுப்பினேன். கவுன் மாற்றி வந்தாள். தாலிக்கொடியில் நான்கு ஊக்குகள் கோத்திருந்தன. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஊக்கு வைக்க வேறு இடம் கிடையாது. படத்தில் விழாமல் இருக்க அதைத் தோளுக்கு மேலே ஒதுக்கிவிட்டேன். அந்த ஜாக்கிரதையை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. பிலிம் வைக்கிற சின்ன கேசட்டுகள் எல்லாம் இருட்டறையில் கிடந்ததால் பெரியதைப் போட்டேன். ஒளியைக் குறுக்கவும் நேரமில்லை, அகலமாகவே திறந்துவிட்டேன். மூச்சை வெளியே விடு, அப்படியே நிறுத்து, அசையாதே. பொத்தானை அழுத்தினேன். சேலை மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு இருட்டறைக்குள் போனேன்.

டெவலப்பரில் நாலு நிமிஷம், தண்ணீரில் ஒரு முக்கு, பிறகு பிக்ஸர். சிவப்பு விளக்கில் படம் மாட்டிய கம்பியைத் தூக்கிப் பார்த்தபோதே தெரிந்தது. முதுகெலும்பு பழுதில்லாமல் அடுக்கடுக்காக இறங்கி வந்திருந்தது. அதற்கும் கீழே, வரவேண்டாத இடுப்பெலும்புக் கூட்டுக்கு நடுவில், வெள்ளையாகச் சின்னதாக ஒரு காப்பர்-டி.

'அட' என்று தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றவில்லை. வராந்தாவில் அந்த மாமியார் சொன்னதை இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. தினமும் ஐம்பது பேருடைய உடம்புக்கு உள்ளே பார்க்கிறவளுக்கு வெளியே நிற்கிற ஆள் மறந்துபோகும்.

ஈரப் படத்தோடு வெளியே வந்தேன். டாக்டர் அல்ட்ராசவுண்டு அறையில் இருந்தார், கதவு சாத்தியிருந்தது. மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்னத்தா தெரியுது? சொல்லிட்டுப் போத்தா. எம்புட்டு நேரம் நிக்கிறது?"

ஜன்னல் பக்கம் படத்தைத் தூக்கிப் பிடித்தேன். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் என் புறங்கையில் வழிந்தது. "எலும்பெல்லாம் நல்லா இருக்கும்மா. தேய்மானம், முறிவு ஒண்ணுமே இல்ல."

அவள் கிட்டே வந்து கண்ணைச் சுருக்கினாள். இரும்புக்கடைக்காரி. மற்றதெல்லாம் தெரியாவிட்டாலும் உலோகம் தெரிந்திருக்கிறது. "அது என்னத்தா கீழ, வெள்ளையா? ஊக்கா?"

பாருங்கள், பதிலை அவளே என் கையில் எடுத்துக் கொடுத்தாள். 'ஆமாம்மா, ஊக்குதான்' என்றால் முடிந்தது. டாக்டர் சொல்வார் என்றாலும் முடிந்தது. தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும்.

"ஊக்கு இல்லம்மா" என்றேன். அவளுடைய அறியாமைக்காகக் கொஞ்சம் சிரித்தும் வைத்தேன். "அது காப்பர்-டி. லூப்னு சொல்வாங்கல்ல, புள்ள தங்காம இருக்க வைக்கிறது. சரியான எடத்துலதான் இருக்கு, நகரல."

சரியான இடத்தில்தான் இருக்கிறதாம். நற்சான்றிதழ் வேறு கொடுத்தேன்.

மாமியார் படத்தை இன்னொரு தரம் பார்த்தாள். கூஜாவை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "அப்ப நாலு வருசமா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அதற்குள் உடை மாற்றும் அறைத் திரையை விலக்கிக்கொண்டு தனம் வந்தாள். தாலிக்கொடியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டே வந்தவள் மாமியாரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், படத்தின் மேல் இருந்த என் விரலைப் பார்த்தாள். விரலை எடுக்கக்கூட எனக்குத் தெரியவில்லை.

"கிளம்பு. ஆட்டோ புடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு மாமியார் படியிறங்கினாள்.

தனம் என் பக்கத்தில் வந்து நின்றாள். அழவில்லை. குரல் மட்டும் இறங்கிப்போயிருந்தது.

"எங்கம்மாவுக்கும் எனக்கும் மட்டுந்தாங்க்கா தெரியும். மூத்தவளப் பெத்த ஆசுபத்திரியிலயே வச்சுக்கிட்டு வந்தேன். ரெண்டாவதும் பொட்டையாப் போச்சுன்னா வீட்டுக்குத் தூக்கிட்டு வராதன்னு சொன்னவுகக்கா இவுக. வெளையாட்டுக்குச் சொல்லல."

ஆட்டோ வந்தது, போனார்கள். படத்தைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண் சிசுக்கொலைப் பேச்சு எடுத்தால் போதும், மதுரைக்காரர்கள் கையை மேற்கே நீட்டி உசிலம்பட்டிப் பக்கத்தைக் காட்டிவிட்டு உச்சுக் கொட்டுவார்கள். எங்கள் அல்ட்ராசவுண்டு அறைக்கு வெளியே 'கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லப்பட மாட்டாது' என்று பலகை தொங்கியது. அதைப் படித்துவிட்டு, படித்ததாலேயே குரலைத் தாழ்த்தி, "சும்மா ஒரு கோடு காட்டுங்க மேடம்" என்று கேட்டவர்கள் டவுன் பஸ்ஸில் வந்தவர்கள் அல்ல. காரில் வந்து இறங்கியவர்கள். பட்டம் வாங்கியவர்கள். பலகையை அவர்கள் படிக்கத்தான் மாட்டியிருந்தோம்.

டாக்டர் வெளியே வந்து படத்தை மாட்டச் சொன்னார். முதுகைத் திருப்பிக் கையை நீட்டினார். சீட்டை வைத்தேன். "முதுகெலும்பு. நல்லா இருக்கா, இல்லையா? அதான் கேள்வி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பியவர், ஓரத்தில் இருந்து பார்த்துக்கொண்டு வந்து கீழ் ஓரத்தில் நின்றார்.

"இடுப்பு எதுக்கு வந்திருக்கு?"

"பெரிய கேசட் போட்டேன் சார்."

"பேஷண்ட் எங்க?"

நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தைப் பார்க்கவில்லை, விளக்குப் பெட்டியையே பார்த்தேன். முடித்ததும் அவர் என்னை 'நீங்க' என்றார். பதினோரு வருஷத்தில் அவர் என்னை அப்படி அழைத்தது அந்த ஒரு நாள்தான்.

"நீங்க அந்தப் படத்த அவங்ககிட்ட காட்டாம என்கிட்ட கொண்டு வந்திருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன் தெரியுமா?" மேஜை இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து வைத்தார். "கீழ மூணு அங்குலம் வெட்டியிருப்பேன். கேட்டது முதுகு, குடுக்கிறது முதுகு. லூப் இருக்குன்னு லேடி டாக்டருக்கு மட்டும் போன்ல சொல்லியிருப்பேன். வலிக்கு அதுவும் காரணமான்னு அவங்க பார்த்துக்குவாங்க. ஒரு ஆளுக்கும் தெரிஞ்சிருக்காது."

ஓரம் லேசாகக் கீறல் விழுந்தால்கூடப் படத்தைத் தூக்கி எறிகிற மனிதர். அவர் படத்தை வெட்டியிருப்பேன் என்கிறார். நாற்காலிக்குப் பயப்பட்டவர் என்று யாரை நினைத்தேனோ அவர்.

லேடி டாக்டருக்கு அப்போதே போன் செய்தார். அவரும் வீட்டுக்கு ஆள் விட்டுப் பார்த்திருக்கிறார். இனிமேல் அந்த டாக்டரிடம் வருவதாக இல்லை என்று பதில் வந்ததாம்.

எங்களிடம் ஒரு நோட்டு இருந்தது. வீணாய்ப்போன ஒவ்வொரு படத்துக்கும் காரணம் எழுதவேண்டும். பேஷண்ட் அசைந்தார், வெளிச்சம் கூடிவிட்டது, மூச்சை அடக்கவில்லை என்று பக்கம் பக்கமாக இருக்கும். பார்த்தால் வீணானதெல்லாம் பேஷண்ட்டுகளால்தான் என்று தோன்றும். நாங்கள் எழுதுகிற லட்சணம் அது. டாக்டர் அந்த நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். காரணம் என்ற கட்டத்தில் 'நான் பேசினேன்' என்று எழுதினேன். அவர் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்தச் சலுகையை அவர் தரவில்லை.

டாக்டர் தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற பிறகு எம்.ஆர்.ஐ. வைத்திருந்த பெரிய இடம் ஒன்றில் சேர்ந்தேன். குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு, வாசலில் பிள்ளையார். அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அச்சடித்த படிவம் ஒன்று உண்டு. பேஸ்மேக்கர் உண்டா, உடம்பில் உலோகம் உண்டா, கர்ப்பமா என்று இருபது கேள்விகள். அதைக் கூட வந்தவர் கையில் கொடுப்பார்கள். அவர் மடியில் வைத்துக்கொண்டு, போனில் பேசிக்கொண்டே, இல்லை இல்லை இல்லை என்று மளமளவென்று டிக் போட்டுக் கொடுப்பார். பெண்டாட்டியின் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று இந்த ஊர்ப் புருஷர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்குத் தெரியும். அதனால் நான் மட்டும் ஒவ்வொரு பெண்ணையும் உள்ளே கூட்டிப்போய்த் திரையை இழுத்துவிட்டு மறுபடி கேட்டேன். பிள்ளைகள் எனக்கு 'விசாரணை கமிஷன்' என்று பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

என் இழுப்பறையில் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் எப்போதும் இருக்கும். காந்த அறைக்குள் தாலிச்சங்கிலியோடு போகக் கூடாது. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, அதில் தொங்குகிற ஊக்கை இழுக்கும், படமும் கெடும். கழற்றச் சொன்னால் வெறும் கழுத்தாக இருப்பதா என்று பெண்கள் நடுங்குவார்கள். மஞ்சள் கயிற்றை முதலில் கட்டிவிட்டு, அதற்குப் பிறகு சங்கிலியைக் கழற்றினால் சண்டை இல்லை. இரண்டு கோடி ரூபாய் மெஷினை ஓட்ட மளிகைக்கடைச் சாமான் வேண்டியிருந்தது. இதை எந்தப் புத்தகத்திலும் எழுத மாட்டார்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து ஒருநாள், முதுகு எம்.ஆர்.ஐ.க்கு ஒரு பெண் வந்தாள். புருஷன் படிவத்தில் இருபது டிக் போட்டு நீட்டினார். அவளை உள்ளே கூட்டிப்போய்த் திரையை இழுத்தேன். மஞ்சள் கயிற்றைக் கட்டினேன். சங்கிலியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அதில் ஊக்குகள் கோத்திருந்தன.

"உடம்புக்குள்ள இரும்பு, தகடு, லூப் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இப்ப ஒண்ணும் இல்லக்கா" என்றாள். "இருந்ததத்தான் நீங்க அன்னைக்கே சொல்லி எடுக்க வச்சிட்டீகளே."

முகம் பருத்திருந்தது, தலை முன்பக்கம் நரைத்திருந்தது. குரலை வைத்துத்தான் தெரிந்தது. உட்கார ஸ்டூலைத் தேடினேன். நான் உட்காருவதற்கு.

"தனம்" என்றேன்.

"பேர ஞாபகம் வச்சிருக்கீகளே."

"மக...?"

"பத்தாவது படிக்கிறா. நல்லாப் படிப்பா." அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்து போனது. கவுன் நாடாவைத் தானே முடிந்துகொண்டே சொன்னாள். "அதுக்கப்புறம் ரெண்டு பெத்தேன். ஒருத்தன் இருக்கான்."

அந்த மற்றதைப் பற்றி நான் கேட்கவில்லை. அது எது, என்ன ஆனது என்று கேட்கத் தேவையும் இல்லை. மூடியிருக்க வேண்டிய நாளில் திறந்த வாய், அன்றைக்குத் திறக்கவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்லவாவது திறந்திருக்கலாம். அதற்கும் வரவில்லை.

அசையாமல் படுத்திருந்தாள். மெஷின் சத்தத்துக்குப் பயப்படாதவர்கள் குறைவு. அவள் பயப்படவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் திரையில் அவள் முதுகு துண்டு துண்டாக வந்தது. நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஜவ்வு பின்னால் பிதுங்கி நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. எக்ஸ்ரேயில் இது ஒருநாளும் தெரியாது. எம்.ஆர்.ஐ. இதற்குத்தான். பொதுமக்கள் குறித்துக்கொள்ளலாம். கருப்பை அதன் இடத்தில் காலியாக இருந்தது. அந்தப் பக்கம் பார்க்கும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை.

வெளியே கூட்டிவந்தேன். புருஷன் எழுந்து வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், முகத்தில் கவலை இருந்தது. அதை வைத்து நான் என்ன செய்வது?

"என்னம்மா தெரியுது? எதுவும் பெருசா இருக்கா? சும்மா சொல்லுங்க."

தனம் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"டாக்டர் சொல்வார்" என்றேன்.

அவள் மஞ்சள் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இப்பக் கத்துக்கிட்டீகளாக்கும்" என்றாள்.